தங்கையின் மெழுகுக்கட்டி

அந்த மருத்துவமனையின் பின்கட்டில், பிணவறைக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவே இருந்த ஆய்வகத்தில் அவரை எல்லாரும் 'மெழுகு' என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே 'மெழுகு சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் மெழுகு. அறுவை அறையிலிருந்து வரும் சதைத் துண்டுகளை மருந்தில் ஊறவைத்து, உருக்கிய மெழுகில் பதித்து, தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கட்டியாக்கி, அதை இயந்திரத்தில் பொருத்திச் சீவி எடுப்பது அவர் வேலை. தலைமுடியின் தடிமனை இருபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு கனம். மூச்சு பட்டாலே சுருண்டுகொள்ளும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லைச் சாய்த்து, சுருக்கம் விழாமல் ஏந்தி எடுக்க வேண்டும். இருபத்தேழு வருடமாக அவர் கை நடுங்கியதில்லை.

மனிதர்களோடு பேச அந்த வேலையில் இடமே இல்லை. கட்டிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நோயாளிகள் முன்வாசல் வழியாக வருவார்கள், முன்வாசல் வழியாகவே போவார்கள். அவருக்கு வந்து சேர்வது விரல்நகம் அளவு அவர்கள்தான்.

வீடும் அப்படித்தான். நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. இரண்டாவது தட்டு ஒன்று இருந்தது. அதைக் கவிழ்த்து அரிசிப் பாத்திரத்துக்கு மூடியாக வைத்திருந்தார். பக்கத்து அறைக்காரர் மூன்று வருடம் கழித்து ஒருநாள் படியில் நிறுத்தி, "நீங்க புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். மெழுகும் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். திருத்தினால் பேச்சு நீளும்.

அவருக்குக் கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. பத்தொன்பது வயதில் அம்மா போனபோது வீட்டில் பன்னிரண்டு வயதுத் தங்கை. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கைக்குத் தலைபின்னப் பழகி, பள்ளிக்கு அனுப்பி, கடைசியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒருவருக்குக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது வந்த ஒன்றிரண்டு வரன்களும், "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்ற கேள்வியோடு நின்றுபோயின. "ஆஸ்பத்திரியில என்ன செய்றார்?" "சதையை மெல்லிசாச் சீவுறார்." அதற்குமேல் யாரும் காப்பிக்குக்கூட உட்காரவில்லை. தங்கை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்தால் அவருக்கும் சிரிப்பு வரும்.

அந்தத் தங்கை முப்பத்தெட்டு வயதில் இரைப்பைப் புற்றுநோயில் இறந்துபோனாள். அது நடந்து எட்டு வருடம்.

முதலில் இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்றாள். அவள் கணவர் கடையில் செரிமான மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதம் அதிலேயே போயிற்று. இவர் கண்ணில் படும்போது அவள் தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டு வந்து தன் மருத்துவமனையில் சேர்த்தார். இரைப்பையை எடுத்தார்கள், அதற்குள் புற்று வயிற்றுச் சவ்வெல்லாம் பரவியிருந்தது. எடுத்த துண்டு வழக்கம்போலப் பின்கட்டுக்கு வந்தது. வேறு யார் கையிலும் கொடுக்க மனசு வராமல் அவரே மெழுகில் பதித்து, அவரே சீவினார். ஐந்து மாதத்தில் எல்லாம் முடிந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவே அவர் தங்கை கணவரான மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "ஆறு மாசம் மாத்திரை வாங்கிக் கொடுத்தே கொன்னுட்டீங்க."

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பதினேழு வயது மகள் சுவரோரம் நின்று இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். மெழுகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அன்றோடு போக்குவரத்து அறுந்தது.

எட்டு வருடம் கழித்து, ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன உருவம், வேக நடை, எதையும் பாதி வாக்கியத்திலேயே முடித்துவிடுவார். இரைப்பைப் புற்றுநோயில் இரண்டு புரதங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னார்.

"ஒண்ணு ஹெர்-டூ. செல்லுக்கு 'வளரு, வளரு'ன்னு சொல்ற புரதம். சில கட்டியில அது அளவுக்கு மீறி இருக்கும். இன்னொண்ணு ஈ-கேடரின். பக்கத்துப் பக்கத்துச் செல்லைக் கைகோத்துப் பிடிச்சு வைக்கிறது. அது போச்சுன்னா செல்லு ஒண்ணொண்ணாக் கழண்டு ஊர் சுத்தப் போயிடும். பரவுறதுக்கு அது ஒரு வழி. பழைய மெழுகுக்கட்டி நூத்திநாப்பது வேணும். கிடங்கைத் திறந்து நீங்கதான் எடுத்துத் தரணும், சார்."

பட்டியலைக் கையில் கொடுத்தார். எண்கள் மட்டும். மெழுகு ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டே போனார். மூன்றாம் தாளின் நடுவில் விரல் நின்றது.

மற்றவர்களுக்குச் சொந்த வீட்டு எண் மறந்தாலும் மறக்கும். அவருக்கு அந்த எண் மறக்காது.

டாக்டரம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. இழுப்பறையிலிருந்து அதையும் எடுத்து வரிசையில் வைத்தார். மெழுகு கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. இயந்திரத்தில் மாட்டிச் சீவினார். தண்ணீரில் மிதந்தபோது ஒருமுறை, ஒரே ஒருமுறை, கையைத் துடைத்துக்கொள்வதுபோல் சற்றுத் தள்ளிப் போய் நின்றுவிட்டு வந்தார். பிறகு ஏந்தி எடுத்து, சாயமேற்றும் வேலையைத் தொடங்கினார்.

அந்தச் சாயத்தின் கணக்கு எளிமையானது. தேடுகிற புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். இல்லையென்றால் வெளிறிய நீலமாகவே இருக்கும். முறையாகப் பார்த்து எழுதுவது டாக்டரம்மாவின் வேலை. சாயம் சரியாகப் பிடித்ததா என்று சரிபார்க்கும் சாக்கில் மெழுகு முதலில் நுண்ணோக்கியில் குனிவது வழக்கம். அன்றும் குனிந்தார். ஹெர்-டூ சில்லில் பழுப்பே இல்லை. அடுத்ததை வைத்தார். ஓரத்தில் நல்ல சதை. அங்கே ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பு வேலி, தேன்கூடு மாதிரி ஒழுங்காக. அதைத் தாண்டினால் வேலி இல்லை. ஒட்டாமல், உறவில்லாமல், ஒற்றை ஒற்றையாகச் செல்கள் சிதறிக் கிடந்தன. எவ்வளவு நகர்த்தினாலும் அதே.

சாயங்காலம் டாக்டரம்மா அந்தச் சில்லைக் கையில் பிடித்தபடி அவர் மேசைக்கே வந்தார்.

"சார், இந்தக் கேஸ் பாத்தீங்களா? முப்பத்தெட்டு வயசு. ஈ-கேடரின் சுத்தமா இல்ல. இது மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது, பரவுற வகையில பாதிக்கு மேல இப்படித்தான். ஆனா இவ்வளவு சின்ன வயசுல... பிறவியிலயே அந்தப் புரதத்தோட மரபணுவுல பழுது இருக்கிற குடும்பங்கள் உண்டு. சேர்க்கைப் பாரத்துல 'குடும்பத்தில் யாருக்காவது'ன்னு கேட்ட இடத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்கு. அப்ப அது இல்ல போல."

மெழுகு எழுந்து நின்றார்.

"அது தப்பு, டாக்டர்" என்றார்.

"எது?"

"அந்த 'இல்லை'. எழுதினது நான்தான். அது என் தங்கச்சி."

டாக்டரம்மா கையிலிருந்த சில்லை மேசையில் வைத்தார். மெழுகு பேசிக்கொண்டே போனார். அம்மாவுக்கு நாற்பத்துமூன்று வயது. வயிற்றில் புண் என்றார்கள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. கூடு மாதிரி வற்றிப்போய்ச் செத்தாள். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, வீட்டில் அதற்குப் புண் என்றே பெயர். தங்கையைச் சேர்த்த அன்று பாரத்தை நிரப்பும்போது, அந்தக் கட்டத்தில் அம்மா ஒருகணம் நினைவுக்கு வந்தாள். புண்தானே என்று 'இல்லை' எழுதிவிட்டார். அப்போதே அவர் இந்த வேலையில் பத்தொன்பது வருடம்.

"நான் எழுதக்கூடாததை எழுதிட்டேன்" என்றார். "தினம் அதைத்தான் சீவுறேன். எனக்கே தோணல."

டாக்டரம்மா பக்கத்து முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அன்னிக்குச் சரியா எழுதியிருந்தாலும் உங்க தங்கச்சிக்கு எதுவும் மாறியிருக்காது, சார். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லல. அவங்களுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு. இருபத்தஞ்சு ஆகுது."

"அப்ப இப்ப மாத்தலாம்."

இந்தச் சில்லை ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். மெழுகுக்கட்டியின் ஓரத்திலிருக்கும் நல்ல சதையிலிருந்து மரபணுவைச் சோதிக்க வேண்டும். எந்த இடத்தில் பழுது என்று தெரிந்தால்தான் மற்றவர்கள் இரத்தத்தில் தேட வசதி. ஆனால் இறந்தவர் சதை; கணவரோ மகளோ கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் போட்டால் செல்லாது.

"அவங்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல, டாக்டர்."

"இனிமே இருக்கணும்" என்று எழுந்துவிட்டார்.

மெழுகு ஒன்பது நாள் தள்ளிப்போட்டார். ஒவ்வொரு காலையும் இன்று போகலாம் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நேராக வேலைக்கே போய்விடுவார். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. போகாமலிருக்கக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை.

டிரைவிங் ஸ்கூல் அதே தெருமுனையில்தான் இருந்தது. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். மாப்பிள்ளைக்கு முன்மயிர் கொட்டி, கண்ணாடி ஏறியிருந்தது. உள்ளே பாடம் கேட்க நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நின்ற காரின் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பயிற்றுநர் உட்காரும் இடம். அவர் காலடியிலும் ஒரு பிரேக். மெழுகுக்கு மிச்சமிருந்தது ஓட்டுநர் இருக்கைதான். வாழ்நாளில் சைக்கிளைத் தாண்டாதவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க, மச்சான்."

அந்த 'மச்சான்' எட்டு வருடம் பழைய வார்த்தை. காரின் முன்கண்ணாடி வழியே நேரே பார்த்துக்கொண்டு மெழுகு எல்லாவற்றையும் சொன்னார். புரதம், வேலி, அம்மாவின் புண், பாரத்தில் எழுதிய 'இல்லை'. நடுவே மாப்பிள்ளையின் கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதிப்பதும் விடுவதும் கேட்டது.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி என்னைச் சொன்னீங்க" என்றார் மாப்பிள்ளை.

"சொன்னேன்."

"எட்டு வருஷமா அந்த மாத்திரைக் கடை வழியா நான் போறதில்ல. சுத்திக்கிட்டுப் போறேன்."

மெழுகு மன்னிப்பும் கேட்கத்தான் வந்திருந்தார். அந்த வார்த்தை வாய்வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. "நாம ரெண்டு பேரும்தான் கவனிக்கல, மாப்பிள்ளை. நான் முதல்ல" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளை சம்மதத் தாளை வாங்கி, காரின் முன்பலகையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் ஆரம்பிச்சா அழுதுடுவேன். அவ போன் நம்பர் தரேன்" என்றார். மெழுகு இறங்கப் போனபோது, "ஹேண்ட் பிரேக் மேல கை வெச்சிருக்கீங்க, எடுங்க" என்றார். அவ்வளவுதான். உள்ளே பாடம் நடத்தப் போய்விட்டார்.

தங்கை மகள் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். மருத்துவமனை உணவகத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகவாய் அப்படியே அவள் அம்மாவுடையது. அவள் அழவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, "வரைஞ்சு காட்டுங்க மாமா" என்றாள். அவர் வேலியுள்ள செல்களையும் வேலியற்ற செல்களையும் வரைந்தார். அவள் பேனாவை வாங்கி அவர் கோடுகளை நேராக்கினாள். "எல்லைக்கல் இல்லாத நிலம் மாதிரி" என்றாள்.

"எனக்கு இருக்க எவ்வளவு வாய்ப்பு?"

"உன் அம்மாவுக்கு இருந்திருந்தா, பாதிக்குப் பாதி."

"உங்களுக்கும்தானே?"

அதை அவர் நினைத்தே பார்க்கவில்லை.

தங்கையின் சதையில் பழுது இருந்தது உறுதியான அன்று, இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கையை நீட்டி இரத்தம் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்கள். அவருக்கு இல்லை. அவளுக்கு இருந்தது.

மெழுகு தன்னையே எண்ணிப் பார்த்தார். ஐம்பத்துமூன்று வயது, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. இவரை யார் தப்பவிடச் சொன்னார்கள்? மாற்றிக் கொடுக்க முடிகிற காரியமாக இருந்தால் அந்த மேசையிலேயே கொடுத்திருப்பார். தாழ்வாரத்தில் அவள்தான் அவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள்.

"விடுங்க மாமா. நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்காவது இல்லியே."

"அது நீயா இருந்திருக்கணும்."

"சரி, அடுத்த தடவை சீட்டு மாத்திப் போடச் சொல்லலாம்" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். அவரால் முடியவில்லை.

மருத்துவர்கள் இரண்டு வழி சொன்னார்கள். வருடாவருடம் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இந்த வகைப் புற்று இரைப்பையின் மேல்தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும், குழாய்க்குத் தப்பிவிடும். அல்லது வருமுன்னே இரைப்பையை முழுக்க எடுத்துவிட்டு, உணவுக்குழாயைக் குடலோடு இணைக்கலாம். அவள் ஏழு மாதம் யோசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் போன் செய்து, "எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன் மாமா. ஒண்ணு கேக்கணும். எடுத்தது உங்ககிட்டதானே வரும்? நீங்களே பாருங்க. வேற யாரும் வேண்டாம்" என்றாள்.

அறுவைச் சிகிச்சை நாளில் காத்திருப்போர் வரிசையில் அவரும் மாப்பிள்ளையும் ஒரு காலி நாற்காலியை நடுவில் விட்டு உட்கார்ந்தார்கள். ஐந்து மணி நேரம். மாப்பிள்ளை ஒருமுறை டீ வாங்கிவந்து, இன்னொரு கோப்பையை அந்தக் காலி நாற்காலியில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. மெழுகு எடுத்துக் குடித்தார்.

மறுநாள் டாக்டரம்மா, "நீங்க இதைத் தொட வேண்டியதில்ல, சார். வெளியில அனுப்பிடறேன்" என்றார்.

"அவ கேட்டிருக்கா" என்றார் மெழுகு.

வழக்கமாக ஓர் இரைப்பையிலிருந்து பத்துப் பன்னிரண்டு துண்டுதான் எடுப்பார்கள். இதில் ஓர் இடம்கூட விடக்கூடாது. முழுவதையும் விரித்து, கட்டம் போட்டு, இருநூற்றுப் பதினாறு கட்டிகள். வெளியே பார்க்க அது வழுவழுவென்று, குறையே இல்லாத உறுப்பாக இருந்தது. அவர் ஐந்து வாரம் சீவினார். தண்ணீர்த் தொட்டியின் சின்ன வெளிச்சத்தில் குனிந்தே இருந்து கழுத்து பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சில்லிலும் பழுப்பு வேலி ஒழுங்காக வந்துகொண்டே இருந்தது. நூறைத் தாண்டியதும், இந்தப் பிள்ளையின் நல்ல உறுப்பை வீணாக எடுக்கவைத்துவிட்டோமோ என்று அவர் பார்த்து முடித்த சில்லுகளையும் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்றுமே கிடைக்கக்கூடாது என்றும் வேண்டினார், கிடைக்காவிட்டால் எப்படி அவள் முகத்தில் விழிப்பது என்றும் தவித்தார். இதை யாரிடம் சொல்வது? அறைக்குப் போய்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

நூற்றுமுப்பத்தொன்றாவது கட்டியில் வேலி அறுந்திருந்தது. பதினைந்து இருபது செல்கள். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, ஒன்றையொன்று தெரியாதவைபோல. குண்டூசித் தலைக்கும் சிறிய இடம். பிறகு இன்னும் இரண்டு இடங்களில்.

டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். "மூணு இடம். எல்லாம் மேல்மட்டத்துலயே நிக்குது. எங்கயும் இறங்கல" என்றார். பிறகு, "சரியான நேரம், சார்."

முறைப்படி மருத்துவர்தான் அவளிடம் சொன்னார். அன்று சாயங்காலம் அவள் இவரைப் போனில் கூப்பிட்டாள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"தனியா இருந்துச்சு" என்றார். "ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம."

"பாவம்" என்றாள். எதைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

அந்த ஆராய்ச்சி கட்டுரையாக வந்தது. நூற்றுமுப்பத்தொன்பது பேர் என்று எழுதியிருந்தது. கடைசி வரியில் ஆய்வகப் பணியாளர்களுக்கு நன்றி. டாக்டரம்மா ஒரு பிரதியில் அந்த வரிக்குக் கோடு போட்டுக் கொடுத்தார். சேர்க்கைப் பாரத்தில் ஒரு கேள்வியும் மாறியது. 'புற்றுநோய் உண்டா' என்பதோடு, 'வயிற்றுக்கோளாறில் இளவயதில் இறந்தவர் உண்டா' என்று சேர்த்தார்கள். அதைக் கேட்டு எழுத, காலையில் ஒரு மணி நேரம் மெழுகு முன்கட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. வந்தவர்கள் முதலில் இல்லை என்பார்கள். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல புண்ணுன்னு சொல்லியிருப்பாங்க" என்பார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு அவரை யாரும் அழைக்கவில்லை; அவரும் போகவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையசைத்துக்கொள்கிறார்கள். தங்கை மகள் நாலு மாதத்தில் எழுந்து நடமாடி, ஒரு வருடத்தில் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு அவர் நடைமேடையில் நின்றார். ஜன்னலோரம் அவள் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எட்டு வேளை, ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. அதுதான் இனி அவள் சாப்பாடு. ரயில் போனபின் வீட்டுக்கு நடந்தே வந்தார்.

வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறாள். இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. போன வாரமும் கூப்பிட்டாள்.

"என்ன சாப்பிட்ட?"

"அரை முட்டை, ஒரு துண்டு ரொட்டி. அரை மணி நேரம் ஆச்சு, மென்னு முழுங்க. நீங்க?"

"இனிமேதான்."

"தனியா இருந்தா உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். மெதுவாச் சாப்பிடுங்க மாமா. அடுத்த வேளைக்கு எனக்கு அலாரம் அடிக்குது, வெச்சிடறேன்."

அவர் போனை ஜன்னல் திண்டில் வைத்தார். கீழே தெருவில் பள்ளி விட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். சோற்றைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் அவள் சொன்னபடி மெதுவாக மென்றார். கால் மணி நேரம் கூடப் பிடிக்கவில்லை. தட்டு காலியாகிவிட்டது.